காப்பாரில் நண்பகல் எத்தனை மணிக்கு?

காப்பாரில் நண்பகல் எத்தனை மணிக்கு வருகிறது? 'இது என்ன கேள்வி, 12 மணிக்குத்தான்' என்று சொல்லத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள், மாணவர்களே. நண்பகல் என்றால் சூரியன் வானில் மிக உயரத்தில் நிற்கும் நேரம். நிழல் மிகக் குட்டையாக இருக்கும் நேரம். அந்த நேரம் காப்பாரில் 12 மணிக்கு வருவதே இல்லை. ஆண்டின் எந்த நாளிலும் இல்லை.

எவ்வளவு தள்ளி வருகிறது என்பதைக் காகிதத்தில் கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம். போட்ட கணக்கு சரிதானா என்று பள்ளித் திடலில் நின்று பார்த்துவிடவும் முடியும். இந்த இரண்டாவது வேலைதான் நம்மில் பலர் செய்யாதது. இயற்பியல், வானியல் கணக்குகளில் பயிற்சி வேண்டும் என்றால் 'எந்தப் பயிற்சிப் புத்தகம் வாங்கலாம்?' என்றுதான் கேட்கிறோம். பயிற்சிப் புத்தகத்தில் விடை பின்பக்கத்தில் இருக்கிறது. நம் விடை அதோடு ஒத்துப்போனால் ஒரு சரி போட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போகிறோம். ஒத்துப்போகாவிட்டால், அங்கே காட்டிய வழியை மனப்பாடம் செய்துகொள்கிறோம். எஸ்.பி.எம். தேர்வில் பின்பக்கம் கிடையாது. தன் விடை நம்பத்தக்கதுதானா என்று தானே எடைபோடத் தெரிந்த மாணவர்தான் அங்கே தைரியமாக உட்கார்ந்திருப்பார். அதைப் பழகுவதற்கு, விடை வானத்தில் இருக்கும் கணக்குகள் மிகவும் தோதானவை. இந்த வாரம் அப்படிச் சிலவற்றைக் காப்பாரில் இருந்தபடியே போட்டுப் பார்ப்போம். மேரு, கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ் மாணவர்களுக்கும் எண்கள் அநேகமாக இவையேதான்.

முதலில் நண்பகல். பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது. அப்படியானால் ஒரு மணி நேரத்துக்கு 15 பாகை. ஒரு பாகைக்கு 4 நிமிடம். மலேசியாவின் கடிகாரம் கிரீனிச் நேரத்தைவிட 8 மணி நேரம் முந்தியது. எட்டுப் பதினைந்து 120. ஆகவே நம் கடிகாரம் கிழக்குத் தீர்க்கரேகை 120 பாகையில் இருப்பவர்களுக்கு ஏற்றது. காப்பார் இருப்பதோ கிழக்கு 101.4 பாகையில். வித்தியாசம் 18.6 பாகை. அதை 4 ஆல் பெருக்கினால் 74 நிமிடம் சொச்சம். சூரியன் கிழக்கிலிருந்து மேற்காக நகர்வதுபோல் தெரிவதால், மேற்கே இருக்கும் நமக்கு அது தாமதமாகத்தான் உச்சிக்கு வரும். எனவே காப்பாரில் நண்பகல், சராசரியாகப் பிற்பகல் 1 மணி 14 நிமிடம்.

இதே வழியில் கோத்தா கினபாலுவுக்குப் போட்டுப் பாருங்கள். அது ஏறக்குறைய 116 பாகையில் இருக்கிறது. 12 மணி 16 நிமிடம் வரும். ஒரே நாடு, ஒரே கடிகாரம். ஆனால் சபாவில் இருக்கும் நண்பருக்கு நம்மைவிட ஒரு மணி நேரம் முன்னதாகவே சூரியன் உச்சிக்கு வந்துவிடுகிறது.

ஏன் இப்படி ஒரு கடிகாரத்தை வைத்துக்கொண்டோம்? 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே நகர்த்தி, சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றாக்கிக்கொண்டது. அதற்கு முன்பு கிரீனிச்சைவிட ஏழரை மணி நேரம்தான் முந்தியிருந்தோம். அதையும் கணக்காக்கலாம். ஏழரையைப் பதினைந்தால் பெருக்கினால் 112.5 பாகை, காப்பாருக்கு வித்தியாசம் 11.1 பாகை, நண்பகல் 12 மணி 44 நிமிடம். இன்னும் பின்னால் போனால், 1905இல் மலாயாவின் கடிகாரம் கிரீனிச்சுக்கு 7 மணி நேரம் முன்னே இருந்தது. அப்போது காப்பாரின் நண்பகல் 12 மணி 14 நிமிடம். உங்கள் கொள்ளுத் தாத்தா தோட்டத்தில் வேலை செய்தவர் என்றால், அவருடைய 'உச்சி வெயில் பன்னிரண்டு மணி' ஏறக்குறைய சரியாகவே இருந்திருக்கும்.

ஜப்பானியர் ஆட்சியில், 1942 முதல் 1945 வரை, மலாயாவின் கடிகாரம் தோக்கியோ நேரத்துக்கு மாற்றப்பட்டது. கிரீனிச்சைவிட 9 மணி நேரம் முந்திய நேரம் அது. அந்த ஆண்டுகளில் காப்பாரில் நண்பகல் எத்தனை மணிக்கு? நீங்களே போடுங்கள், 2 மணி 14 நிமிடம் வர வேண்டும். இன்னொன்று: ஒரு தோட்டத்தில் அந்தக் கடிகாரப்படி காலை 6 மணிக்குப் பெரட்டு என்று வைத்துக்கொள்வோம். அது இன்றைய கடிகாரத்தில் காலை 5 மணி. சூரியன் எழ இன்னும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. வரலாற்றுப் பாடத்தில் ஒரு வரியில் கடந்துபோகும் செய்தி, கணக்காக மாறும்போது கும்மிருட்டில் வரிசையாக நிற்கும் ஆட்களாகக் கண்முன் வருகிறது.

இப்போது சோதனை. இதற்கு ஒரு கோல், ஒரு நூல், கைப்பேசியின் கடிகாரம் போதும். சூரியனைக் கண்ணால் பார்க்கவே வேண்டாம், பார்க்கவும் கூடாது. நிழலை மட்டும் பாருங்கள். ஒரு மீட்டர் உயரக் கோலைச் சமதளமான இடத்தில் செங்குத்தாக நிறுத்துங்கள். நூலில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, கோல் அதோடு ஒட்டி நிற்கிறதா என்று இரண்டு பக்கமிருந்தும் சரிபாருங்கள். இதில் சோம்பல் வேண்டாம். கோல் ஒரு பாகை சாய்ந்தாலே நிழலின் நுனி ஏறக்குறைய 17 மில்லிமீட்டர் இடம் மாறிவிடும்.

'நிழல் மிகக் குட்டையாகும் நேரத்தைக் குறித்தால் போதுமே' என்று நினைப்பீர்கள். செய்து பார்த்தால்தான் சிக்கல் தெரியும். நண்பகலை ஒட்டிய பல நிமிடங்களுக்கு நிழலின் நீளம் அநேகமாக மாறுவதே இல்லை. மேலே எறிந்த பந்து உச்சியில் ஒரு கணம் தயங்குவதைப் போல. அந்தத் தயக்கத்துக்கு நடுவே எது மிகக் குட்டை என்று கண்டுபிடிப்பது கஷ்டம். நம் பழைய கோயில் சிற்பிகளுக்கு இந்தச் சிக்கல் தெரிந்திருந்தது. திசை காண அவர்கள் 'சங்கு' என்னும் கோலை நட்டு, அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்கள். முற்பகலில் நிழலின் நுனி வட்டத்துக்குள் நுழையும் இடத்தைக் குறித்தார்கள். பிற்பகலில் வட்டத்தை விட்டு வெளியேறும் இடத்தையும் குறித்தார்கள். இரண்டு புள்ளிகளையும் இணைத்தால் கிழக்கு மேற்கு. நமக்கு வேண்டியது நேரம் என்பதால், நுழைந்த நேரத்தையும் வெளியேறிய நேரத்தையும் குறித்து நடுவை எடுத்தால் போதும். அதுதான் நண்பகல். காப்பாரில் பிற்பகல் மழை எந்த நாளும் வரலாம். அதனால் வெவ்வேறு அளவில் மூன்று நான்கு வட்டங்கள் போட்டு வைப்பது நல்லது. ஒன்றாவது இரண்டு பக்கமும் கிடைத்துவிடும்.

கோல் நடச் சோம்பலாக இருந்தால் இன்னொரு குறுக்கு வழி: சூரிய உதயம், அஸ்தமன நேரங்களைக் கைப்பேசியில் பார்த்து நடுவை எடுங்கள். உதாரணத்துக்கு உதயம் 7.10, அஸ்தமனம் மாலை 7.20 என்று ஒரு நாள் காட்டினால், நடு 1.15. இதை வைத்துக்கொண்டு வீட்டில் ஒரு விளையாட்டும் ஆடலாம். நாள்காட்டியில் திங்கட்கிழமை ராகு காலம் 7.30 முதல் 9.00 வரை என்று போட்டிருக்கும். பகலை எட்டாகப் பிரித்தால் வரும் இரண்டாவது பங்கு அது. ஆனால் 6 மணிக்கு உதயம் என்று வைத்துப் போட்ட கணக்கு அது. 7.10க்கு உதயமாகும் காப்பாரில் அந்த இரண்டாவது பங்கு 8.40 வாக்கில் அல்லவா தொடங்க வேண்டும்? ராகு காலத்தை நம்புவதும் நம்பாததும் உங்கள் வீட்டுப் பெரியவர்களின் விருப்பம். கணக்கு மட்டும் கணக்குதான்.

சரி, கோலை நட்டீர்கள், நேரத்தை எடுத்தீர்கள். பிப்ரவரி 11ஆம் தேதி வாக்கில் செய்திருந்தால் உங்களுக்குக் கிடைக்கும் நேரம் 1.14 இல்லை, 1.28க்கு அருகில் இருக்கும். நவம்பர் தொடக்கத்தில் செய்திருந்தால் 12.58. ஒருவர் 14 நிமிடம் தாமதம், இன்னொருவர் 16 நிமிடம் முன்னதாக. இருவரும் 'நம்ம கணக்கு தப்பு' என்றோ 'கோல் சரியில்லை' என்றோ விட்டுவிடக்கூடும். என்னைக் கேட்டால், இந்தப் பயிற்சியில் மிகவும் விலைமதிப்பான இடம் இதுதான். நீங்கள் கவனமாக அளந்திருக்கிறீர்கள், கணக்கும் சரி. அப்படியும் 14 நிமிடம் உதைக்கிறது என்றால், கணக்கில் நாம் சொல்லாமல் சேர்த்துக்கொண்ட ஏதோ ஒரு அனுமானம் உண்மையல்ல.

அது எது? 'சூரியன் ஆண்டு முழுவதும் ஒரே சீராக நகர்கிறது' என்பதுதான். பூமியின் பாதை சரியான வட்டம் அல்ல, நீள்வட்டம். ஜனவரி தொடக்கத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகில், சுமார் 14 கோடியே 71 லட்சம் கிலோமீட்டரில் இருக்கிறது. அப்போது வேகமாக ஓடுகிறது. ஜூலை தொடக்கத்தில் 15 கோடியே 21 லட்சம் கிலோமீட்டர் தள்ளிப்போய் மெதுவாக நகர்கிறது. படிவம் நான்கில் படிக்கும் கெப்ளரின் இரண்டாம் விதி இதைத்தான் சொல்கிறது. இரண்டாவது காரணம், பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்திருப்பது. அந்தச் சாய்வால் சூரியன் வானத்தில் சில மாதங்களில் நேர் கிழக்காகவும், சில மாதங்களில் சற்று வடக்கோ தெற்கோ சாய்ந்தும் நகர்கிறது. கிழக்கு நோக்கிய நகர்வு மட்டும்தான் கடிகாரத்தைப் பாதிக்கும். இரண்டும் சேர்ந்து, சூரியக் கடிகாரம் சில மாதங்களில் முந்தியும் சில மாதங்களில் பிந்தியும் ஓடுகிறது. ஏப்ரல் 15, ஜூன் 13, செப்டம்பர் 1, டிசம்பர் 25 ஆகிய நாள்களை ஒட்டி மட்டும் வித்தியாசம் ஏறக்குறைய பூஜ்யம். உங்கள் 1.14ஐ அந்த நாள்களில் சோதித்துப் பாருங்கள்.

கெப்ளரின் விதி காப்பார் பள்ளித் திடலில், ஒரு கோலும் கைப்பேசியும் வைத்துக்கொண்டு பிடிபடுகிறது என்பதை யோசித்துப் பாருங்கள். விடை பின்பக்கத்தில் இருந்திருந்தால் 1.14 என்று எழுதி, சரி போட்டு, கடந்து போயிருப்போம்.

சோழியால் போட்ட கிரகணம்

இங்கே ஒரு பழைய கதை. 1825ஆம் ஆண்டு ஜான் வாரன் என்பவர் இந்திய நாள்காட்டிக் கணக்குகளைப் பற்றி 'கால சங்கலிதம்' என்ற பெரிய ஆங்கில நூலைச் சென்னையில் வெளியிட்டார். முன்பு சென்னை வானாய்வகத்தில் பொறுப்பில் இருந்தவர் அவர். புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதரைச் சந்தித்து, ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டச் சொன்னார். அந்தக் கணிதர் காகிதம் எடுக்கவில்லை, எழுதுகோல் எடுக்கவில்லை. தரையில் சோழிகளை அடுக்கினார். தேவையான அட்டவணை எண்களையெல்லாம் சொற்களாக, அசைகளாக மனப்பாடம் செய்து வைத்திருந்தார். சோழிகளை நகர்த்தி நகர்த்தி, 1825 மே 31, ஜூன் 1க்கு இடைப்பட்ட இரவில் வரும் கிரகணத்தைக் கணித்துவிட்டார். தொடக்க நேரத்தில் பிசகு 4 நிமிடம்தான். நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம். 1952இல் அறிவியல் வரலாற்றாசிரியர் ஓட்டோ நாய்கெபவர் இந்த நிகழ்ச்சியை எடுத்து, தமிழ் வானியல் என்ற தலைப்பில் ஒரு கட்டுரையே எழுதினார். பாபிலோனியக் களிமண் பலகைகளில் இருந்த முறைகளின் சாயலை அவர் அந்தச் சோழிக் கணக்கில் கண்டார்.

கதையில் ஒரு முள்ளும் உண்டு. அந்தக் கணிதருக்கு வானியல் கோட்பாடு எதுவும் தெரியாது, அபார நினைவாற்றல் மட்டுமே இருந்தது என்று வாரன் எழுதியிருக்கிறார். வெள்ளைக்காரர் ஒருவரின் பார்வை அது என்பதையும் மறக்க வேண்டாம். ஆனாலும் அது நம் வகுப்பறைக்கு நேராகவே வந்து குத்துகிறது. மனப்பாடத்தை இளக்காரமாகப் பேசுவது இப்போது ஒரு நாகரிகம்; எனக்கு அதில் உடன்பாடு இல்லை. காகிதமே இல்லாமல் கிரகணத் தொடக்கத்தை 4 நிமிடத் துல்லியத்தில் சொன்ன நினைவாற்றலுக்கு முன்னால் நாம் எந்த மூலைக்கு? சூத்திரங்கள் நினைவில் இருக்கத்தான் வேண்டும். ஆனால் முடிவில் ஏன் 52 நிமிடம் பிசகியது என்று கேட்டால், மனப்பாடத்திடம் பதில் இல்லை. அந்தப் பிசகை எடுத்துக்கொண்டு, எந்த அனுமானம் தவறு என்று தேடுவதற்கு, எண்கள் எங்கிருந்து வந்தன என்பது தெரிந்திருக்க வேண்டும். சோழியும் வேண்டும், காரணமும் வேண்டும்.

நிழல் எந்தப் பக்கம் விழும்?

அடுத்த கணக்கு நிழலின் நீளம். காப்பார் வடக்கு அட்சரேகை 3.1 பாகையில் இருக்கிறது. ஜூன் 21 வாக்கில் சூரியன் 23.4 பாகை வடக்கே நேர் உச்சியில் இருக்கும். அன்று நண்பகலில் காப்பாரிலிருந்து பார்த்தால் சூரியன் தலைக்கு நேர் மேலிருந்து 23.4 கழித்தல் 3.1, அதாவது 20.3 பாகை வடக்கே சாய்ந்திருக்கும். ஒரு மீட்டர் கோலின் நிழல் 20.3 பாகையின் டேஞ்சன்ட்: 37 சென்டிமீட்டர். சூரியன் வடக்கே, ஆகவே நிழல் தெற்கே. டிசம்பர் 21 வாக்கில் சூரியன் தெற்கே 23.4 பாகை. இப்போது கூட்ட வேண்டும்: 26.5 பாகை. நிழல் 50 சென்டிமீட்டர், வடக்கே.

எப்போது கூட்டுவது, எப்போது கழிப்பது? இதைத்தான் மாணவர்கள் குழப்பிக்கொள்கிறார்கள். ஒரு படம் போட்டால் குழப்பம் தீர்ந்துவிடும். படம் போடாமல் சூத்திரத்தைத் தேடினால் தீராது. இன்னொரு எச்சரிக்கை. ஐரோப்பாவில் எழுதிய பல புத்தகங்களில் 'நண்பகலில் சூரியன் தெற்கே இருக்கும்' என்று பொதுவாகப் போட்டிருப்பார்கள். அவர்கள் ஊருக்கு அது எப்போதும் சரி. காப்பாருக்கு ஏறக்குறைய மார்ச் 28 முதல் செப்டம்பர் 15 வரை அது தவறு. அந்தப் பல மாதங்களில் நம் நண்பகல் நிழல் தெற்கே விழுகிறது. பிற நாட்டுப் புத்தகத்தை வைத்துப் பயிற்சி செய்யும்போது, 'இந்த வாக்கியம் எந்த ஊரில் நின்றுகொண்டு எழுதியது?' என்று ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வித்தாள் மலாயில் இருக்கும், சில பள்ளிகளில் ஆங்கிலத்தில் இருக்கும். மனத்துக்குள் 'வடக்கே சாஞ்சா கழி, தெற்கே சாஞ்சா கூட்டு' என்று தமிழில் சொல்லிக்கொண்டு போட்டால் யாரும் மதிப்பெண்ணைக் குறைக்கப் போவதில்லை.

கூரை மேல் ஒரு கெப்ளர்

இப்போது அண்ணாந்து கூரையைப் பாருங்கள். ஆஸ்ட்ரோ தட்டு இருக்கிறதா? அது பார்த்துக்கொண்டிருக்கும் மியாசாட் செயற்கைக்கோள்கள் பூமத்திய ரேகைக்கு மேலே, கிழக்குத் தீர்க்கரேகை 91.5 பாகையில் நிற்கின்றன. நிற்கின்றன என்று சொல்வது வழக்கத்துக்கு. உண்மையில் பூமி ஒரு முறை சுழலும் அதே நேரத்தில் அவையும் ஒரு முறை சுற்றுவதால் நிற்பதுபோல் தெரிகிறது. எவ்வளவு உயரத்தில் சுற்றினால் இது நடக்கும்?

புத்தகத்தில் ஈர்ப்பு மாறிலி, பூமியின் நிறை எல்லாம் போட்டு, பத்தின் அடுக்குகளோடு மல்லுக்கட்டும் கணக்கு இது. அதைச் செய்யும் முன்பு கால்குலேட்டர் இல்லாமல் ஒரு முறை செய்வோம். பூமியைச் சுற்றிவரும் பழைய கோள் ஒன்று நமக்குத் தெரியும்: நிலா. அது 384,400 கிலோமீட்டரில் இருந்துகொண்டு 27.3 நாளில் ஒரு சுற்று வருகிறது. நமக்கு வேண்டியது ஒரே நாளில் சுற்றும் கோள். கெப்ளரின் மூன்றாம் விதிப்படி, காலத்தின் வர்க்கம் தூரத்தின் கனத்துக்கு நேர்விகிதம். காலம் 27 மடங்கு குறைய வேண்டும். 27இன் கனமூலம் 3. அதன் வர்க்கம் 9. ஆகவே தூரம் 9 மடங்கு குறைய வேண்டும். 384,400ஐ 9 ஆல் வகுத்தால் 42,700 கிலோமீட்டர்!

துல்லியமான எண் 42,164 கிலோமீட்டர். மனக்கணக்கில் நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்று மேல்தான் பிசகு. இப்போது பெரிய கணக்கைப் போட்டு உங்களுக்கு 4,216 என்றோ 421,640 என்றோ வந்தால், எங்கோ ஒரு பூஜ்யம் நழுவிவிட்டது என்று உடனே தெரிந்துவிடும். கிலோமீட்டரை மீட்டராக மாற்ற மறப்பதுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். இன்னொன்று, 42,164 என்பது பூமியின் மையத்திலிருந்து. கூரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று கேட்டால் பூமியின் ஆரம் 6,378ஐக் கழிக்க வேண்டும்: 35,786 கிலோமீட்டர். ஒளி நொடிக்கு 300,000 கிலோமீட்டர் போகும் என்பதால், காட்சி நிலையத்திலிருந்து மேலே போய் உங்கள் தட்டுக்கு வர கால் நொடி பிடிக்கிறது.

தட்டு எந்தச் சாய்வில் பார்க்க வேண்டும்? இதற்கு இந்த நாளிதழின் ஒரு தாளையே விரித்துக்கொள்ளுங்கள். ஒரு சென்டிமீட்டர் 1,000 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஓரத்தில் ஒரு புள்ளி, அது பூமியின் மையம். அதிலிருந்து 10 பாகை இடைவெளியில் இரண்டு கோடுகள், காப்பாரின் 101.4க்கும் செயற்கைக்கோளின் 91.5க்கும் உள்ள வித்தியாசம் அது. ஒரு கோட்டில் 6.4 சென்டிமீட்டரில் காப்பார். மற்றதில் 42.2 சென்டிமீட்டரில் செயற்கைக்கோள். இரண்டையும் இணையுங்கள். காப்பாரில் 'நேர் மேலே' என்பது மையத்திலிருந்து வரும் கோட்டின் நீட்சி. அதற்கும் செயற்கைக்கோளை நோக்கிய கோட்டுக்கும் உள்ள கோணத்தைப் பாகைமானியால் அளந்தால் ஏறக்குறைய 12 பாகை வரும். அதாவது தட்டு நேர் உச்சியிலிருந்து 12 பாகை மட்டும் மேற்கே சாய்ந்து பார்க்க வேண்டும். தொடுவானத்திலிருந்து 78 பாகை உயரம். லண்டனில் இருப்பவருக்கோ நேர் தெற்கே நிற்கும் செயற்கைக்கோள்கூட 31 பாகை உயரத்தில்தான் தெரியும். அதனால்தான் அந்த ஊர்ப் படங்களில் தட்டுகள் சுவரில் ஒட்டிக்கொண்டு பக்கவாட்டில் பார்க்கின்றன.

உங்கள் தட்டு அவ்வளவு செங்குத்தாக மேலே பார்ப்பதாகத் தெரியவில்லையா? அலையைப் பிடிக்கும் கருவி தட்டின் நடுவுக்கு நேரே இல்லாமல், ஒரு கை நீட்டி ஓரமாக வைக்கப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். அப்படிச் செய்த தட்டு, உண்மையில் அலை வரும் திசையைவிட வேறு திசையில் சாய்ந்திருப்பதுபோல் தோன்றும். பிசகு இருந்தால் காரணம் தேடு என்பது இங்கேயும்தான்.

இன்னொரு கேள்வியும் எழுந்திருக்க வேண்டும். பூமியின் மையத்தில் கோணம் 10 பாகை. காப்பாரில் ஏன் 12? நிழல் கணக்கில் அட்சரேகை 3.1ஐ அப்படியே கழித்தோமே, அங்கே இந்த வித்தியாசம் வரவில்லையே! சூரியன் இருப்பது 15 கோடி கிலோமீட்டரில். பூமியின் ஆரம் அதற்கு முன்னால் தூசு. கதிர்கள் இணையாக வருகின்றன என்று சொல்லிவிடலாம். செயற்கைக்கோளின் தூரமோ பூமியின் ஆரத்தைப்போல் ஏறக்குறைய 6.6 மடங்குதான். அங்கே 'இணை கதிர்கள்' என்று சொல்ல முடியாது. பயிற்சிப் புத்தகங்களில் 'கதிர்கள் இணையானவை எனக் கொள்க' என்று வரும்போதெல்லாம் நாம் தலையாட்டிவிட்டுப் போகிறோம். எப்போது அப்படிக் கொள்ளலாம், எப்போது கூடாது என்பதற்கு இந்த 10க்கும் 12க்கும் உள்ள இடைவெளி நல்ல நினைவூட்டல்.

மலேசியாவின் ராசாக்சாட் செயற்கைக்கோள் 2009 ஜூலை 14ஆம் தேதி பசிபிக் பெருங்கடல் தீவு ஒன்றிலிருந்து ஃபால்கன் 1 ராக்கெட்டில் போனது. சுமார் 685 கிலோமீட்டர் உயரத்தில், பூமத்திய ரேகையை ஒட்டியே சுற்றும் பாதை; நம் நாட்டின் மேலே அடிக்கடி வர வேண்டும் என்பதற்காக. அது ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டது? மையத்திலிருந்து 6,378 கூட்டல் 685, அதாவது 7,063 கிலோமீட்டர். 42,164இல் இது ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. ஆறின் கனம் 216. அதன் வர்க்கமூலம் 14.7. ஒரு நாளை 14.7 ஆல் வகுத்தால் 98 நிமிடம்.

பூமியின் ஆரத்தைக் கூட்ட மறந்து 685ஐ மட்டும் போட்டால் என்ன வரும்? மூன்று நிமிடம். பலருடைய விடைத்தாளில் இந்த மூன்று நிமிடம் வெட்கமே இல்லாமல் உட்கார்ந்திருக்கும். ஒரு கேள்வி கேட்டால் போதும்: பூமியை மூன்றே நிமிடத்தில் சுற்ற முடியுமா? பூமியின் சுற்றளவே 40,000 கிலோமீட்டர். மூன்று நிமிடத்தில் அதைக் கடக்க, நொடிக்கு 220 கிலோமீட்டருக்கு மேல் வேகம் வேண்டும். பூமியின் ஈர்ப்பை விட்டே ஓடிப்போக 11.2 கிலோமீட்டர் வேகம் போதும் என்று அதே பாடத்தில்தான் படித்தீர்கள்.

ஒரு நாளில் அது மலேசியாவின் பக்கம் எத்தனை முறை வந்திருக்கும்? 24 மணி நேரத்தில் 14.6 சுற்று. உடனே 14.6 என்று எழுதத் தோன்றும். ஆனால் செயற்கைக்கோள் ஓடும் அதே திசையில் காப்பாரும் ஒரு நாளில் ஒரு சுற்று நகர்கிறது. ஓட்டப் பந்தயத் திடலில் நீங்கள் ஒரு சுற்று நடப்பதற்குள் நண்பர் 14.6 சுற்று ஓடினால், உங்களை எத்தனை முறை முந்துவார்? 13.6 முறைதான்.

கடைசியாக ஒன்றைச் செய்து பாருங்கள். சூரியன் காப்பாருக்கு நேர் உச்சியில் வரும் நாள் ஆண்டுக்கு இரண்டு: மார்ச் 28, செப்டம்பர் 15 வாக்கில். மார்ச்சில் நேரம் 1.19, செப்டம்பரில் 1.09. ஒன்றுக்கு 5 நிமிடம் கூட்டியும் இன்னொன்றுக்கு 5 நிமிடம் குறைத்தும் வருவது ஏன் என்று இப்போது உங்களுக்கே தெரியும். அந்த நேரத்தில் செங்குத்தான கோலின் நிழல் காலடியிலேயே மறைந்துவிட வேண்டும். அன்று மேகமாக இருந்தால் அடுத்த நாள் பார்க்கலாமா? அந்த நாள்களில் சூரியன் தினமும் 0.4 பாகை வடக்கு தெற்காக நகர்கிறது. ஒரு மீட்டர் கோலுக்கு அது 7 மில்லிமீட்டர் நிழல். ஆனால் சூரியன் ஒரு புள்ளி அல்ல, வானில் அரை பாகை அகலமுள்ள வட்டு. அதனால் நிழலின் ஓரமே ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் அகலத்துக்கு மங்கலாக இருக்கும். அப்படியானால் 28ஆம் தேதியையும் 29ஆம் தேதியையும் உங்கள் கோலால் பிரித்துச் சொல்ல முடியுமா? இன்னும் உயரமான கோல் வைத்தால் உதவுமா? கோலை உயர்த்தினால் நிழலும் வளரும், மங்கலும் வளரும். முதலில் காகிதத்தில் யோசித்துவிட்டு, பிறகு திடலுக்குப் போங்கள்.